பொட்டு வைத்த தகடுகள்

ஜெலாப்பாங்கில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து அப்பா கேட்டு வாங்கி வந்த நான்கு எவர்சில்வர் தகடுகள். ஷாமினி அவற்றை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துக் கழுவி வைக்க இரண்டு நாளானது. சொரசொரப்பான தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் தண்ணீரிலிருந்து வாயு குமிழ் குமிழாகக் கிளம்பும். இன்று பள்ளியில் அறிவியல் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

கூட்டாளி ரூபன் சோடா மாவு கரைத்த தண்ணீரில் தகடுகளை இறக்கி, பேட்டரியை இணைத்தான். ஓரத்தில் நாலைந்து குமிழ்கள் எட்டிப் பார்த்தன. அவ்வளவுதான்.

“செத்தோம்லா,” என்றான் ரூபன்.

ஷாமினி ஒரு தகட்டைத் தூக்கினாள். பளபளவென்று மின்னியது. மூலையில் சந்தனப் பொட்டு.

“நீதான் வெச்சேன்னு நெனச்சேன்,” என்றான் ரூபன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அம்மா சரளா பெருமையாகச் சிரித்தார். “நான்தான். காலையில சாமிகிட்ட வெச்சு எடுத்தேன். மங்கலா இருந்துச்சு, நல்லெண்ணெய் தொட்டுத் துடைச்சேன். ஆயுத பூஜைக்கு அப்பா ஸ்பேனருக்குச் செய்யறதுதானே.”

கேட்டீர்களா கதையை! ரூபன் வாயைத் திறந்தான். ஷாமினி அவன் காலை மிதித்தாள்.

அவளுக்கும் அழுகை முட்டியது. நடுவர் மூன்றாவது மேசைக்கு வந்துவிட்டார். இவர்களுடையது ஏழாவது. இப்போது அம்மாவைக் கோபித்து என்ன ஆகப் போகிறது?

“எண்ணெய் இருந்தா குமிழ் வராதும்மா. வாங்க, எண்ணெய்ச் சட்டி கழுவ உங்கள மாதிரி ஆளே கிடையாது.”

அம்மாவின் முகம் வாடியது. ஆனால் மறுகணமே துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு தகடுகளோடு தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார். பிள்ளைகள் இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

ஷாமினி தேய்த்தாள். அம்மா சோப்புப் போட்டுக் கழுவினார்.

“தண்ணி முத்து முத்தா நிக்குதும்மா. இன்னும் எண்ணெய் இருக்கு.”

அம்மா மறுபடி கழுவினார். தண்ணீர் தகடு முழுக்கப் பரவி வழிந்தது. “விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடி,” என்று ஷாமினி சொல்ல, ரூபன் தகடுகளை ஏந்திக்கொண்டு மேசைக்கு ஓடினான்.

நடுவர் வந்து நிற்கவும் அவன் பேட்டரியை இணைக்கவும் சரியாக இருந்தது. குமிழ்கள் திமுதிமுவென்று கிளம்பித் தண்ணீரே பால்போல் வெளுத்தது. பக்கத்து மேசைக்காரர்கள்கூட ஓடி வந்தார்கள்.

“அடேங்கப்பா, தகட்டைக் காட்டு,” என்றார் நடுவர். ஷாமினி பேட்டரியைக் கழற்றி, ஒன்றை ஓரம் பிடித்து எடுத்தாள். அவர் அதைத் தடவ விரலை நீட்டினார்.

“தொடாதீங்க சார், கையில இருக்கிற எண்ணெய் ஒட்டிக்கும்,” என்றார் அம்மா.

நடுவர் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதல் பரிசுக்கு இவர்கள் பெயரைக் கூப்பிட்டதும் ரூபன் துள்ளிக் குதித்தான். ஷாமினி அம்மாவின் ஈரக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.