இன்னும் கொஞ்சம் வரலாம்

கேரவன் ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. ராய்ஸுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

சக்கர வீடுகள் தங்கும் முகாமில், உப்பங்கழியை ஒட்டிய கடைசி இடம். இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டிய கேரவனை அந்தச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பதென்றால் ராய்ஸுக்கு வழக்கமாக ஒரு நாடகமே நடக்கும். முன்னே போவான், பின்னே வருவான், ஸ்டியரிங்கில் குத்துவான், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மனைவியைத் திட்டுவான், அக்கம்பக்கத்துக் கேரவன்காரர்கள் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். இன்று அப்படி எதுவும் இல்லை. மேசை இழுப்பறை மூடுவதுபோல வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

காரணம், வலப்பக்கக் கண்ணாடியில் தெரிந்த கைகள்.

மத்தியானம் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் நடந்ததற்குப் பிறகு அந்தக் கைகளை அவன் எதிர்பார்க்கவே இல்லை. அங்கே ஒரு கம்பத்தில் கேரவனின் மூலை லேசாக உரசியதற்கு, "கை எதுக்கு இருக்கு உனக்கு, ஈ ஓட்டவா?" என்று அவன் போட்ட சத்தத்தில் லாரிக்காரர்கள் திரும்பினார்கள், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் குழந்தையின் காதைப் பொத்தினாள். அவன் மனைவி நடீன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஊதாக் கம்பளிக் கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவி மடியில் வைத்தாள். வெகுதூரம் வந்த பிறகு, மழை வருமா வராதா என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"இனிமே நான் உனக்குக் கை காட்ட மாட்டேன், ராய்ஸ். ஆசைப்பட்டு வந்தாச்சு, நாளைக்குச் சவான்னா ஊரைப் பார்த்துட்டு மேக்கனுக்கு பஸ் ஏறிடறேன். அக்கா வீட்ல இருந்துக்கறேன்."

அதனால்தான் கண்ணாடியில் அந்த உருவத்தைப் பார்த்ததும் அவன் ஸ்டியரிங்கில் குத்த மறந்தான். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான். மரத்திலிருந்து தொங்கிய சாம்பல் பாசி தலையையும் கழுத்தையும் மறைத்திருந்தது. தோள் முதல் முழங்கால் வரைதான் தெரிந்தது. குளிரில் வெளிறிய வெறுங்கைகள். நடீன் பதற்றத்தில் கையை வேகவேகமாக ஆட்டுவாள். இந்தக் கைகளில் அவசரமே இல்லை. வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம் வரலாம் என்று தொட்டிலை ஆட்டுவதுபோல அழைத்தன. அவன் போனான்.

நின்றதும் பின்பக்கத் தகட்டில் இரண்டு தட்டு விழும் என்று காத்திருந்தான். அது நடீனின் பழக்கம். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம். தட்டு விழவில்லை.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் யாரும் இல்லை. கேரவனின் முதுகுக்கும் வெள்ளை மின்கம்பத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளிதான் இருந்தது. அந்த இடைவெளியில் ஆள் நிற்க முடியாது. தரையெங்கும் கொட்டிப் பரப்பிய சிப்பி ஓடுகள். அணில் ஓடினாலும் நறநறவென்று காட்டிக்கொடுக்கும் தரை. கம்பத்தடியில் மட்டும் ஓடுகள் நனைந்து மினுங்கின. அங்கிருந்து உப்பங்கழிச் சேற்றின் வாடை, அழுகிய முட்டையும் கடலும் கலந்த வாடை, மேலேறி வந்தது.

அப்போதுதான் நறநற சத்தம் கேட்டது. முன்பக்கத்திலிருந்து. ஆபீஸ் இருந்த திசையில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து நடீன் நடந்து வந்துகொண்டிருந்தாள், கையில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு. பதிவு போட ஆபீஸ் வாசலிலேயே இறங்கியவள். அதை அவன் எப்படி மறந்தான்?

அவள் கேரவனைப் பார்த்தாள். சக்கரங்களைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள்.

"யாரு கை காட்டினது?"

ராய்ஸ் வாயைத் திறந்தான்.

"யாருமில்ல. நானே நிறுத்தினேன்."

"கத்தாமயா?"

"கத்தாம."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சர்ச் விருந்தில் பார்த்த முகம். அவன் தோளில் கையை வைத்து, "அப்போ உனக்கு முடியும். நான் பின்னால நிக்கறதுதான் உன்னைக் கத்த வைக்குதுன்னு இப்பத் தெரியுது" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குக் காது மடல் எரிந்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொன்னால் அந்தக் கை தோளிலிருந்து போய்விடும். சொல்லவில்லை.

உள்ளே அவள் சில்லிக் குழம்பைச் சூடு பண்ணினாள். ஜனவரி என்பதால் முகாமே காலி. எதிர் வரிசையில் ஒஹையோவிலிருந்து வந்த கிளைடும் அவர் மனைவியும் மட்டும். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கிளைடிடம் சொன்னாளாம்: "என் வீட்டுக்காரர் இன்னைக்குத் தனியாவே நிறுத்திட்டார்." சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே சிரித்தாள். "மேக்கனுக்கு ஃபோன் பண்ணலாம்னு இருந்தேன். பண்ணல."

ராய்ஸ் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தான். பொய்யில் வேகவைத்த சாப்பாடுபோல அது உள்ளே இறங்க மறுத்தது.

தட்.

கேரவனின் பின்சுவரில் ஓர் உள்ளங்கை பட்ட சத்தம். ஒரே தட்டு. பிறகு அந்தக் கை எடுக்கப்படாமல், ஈரமாக, மெதுவாக, சுவர் நெடுகத் தேய்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த பக்கம்வரை வந்து நின்றது.

"கிளை உரசுது" என்றாள் நடீன்.

"ஆமா. கிளைதான்."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் முகாமைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் வெர்டெல் தன் கோல்ஃப் வண்டியில் வந்தார். கறுப்பினப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர், ஆண்களின் மேல்கோட்டு போட்டிருந்தார். அவருடைய ஆபீஸ் கட்டடத்தில் எல்லாப் பக்கமும் சாயம் உரிந்து தொங்கும். வாசல் கூரையின் அடிப்பக்கம் மட்டும் பேய் அண்டாமலிருக்க என்று வருஷாவருஷம் வெளிர்நீலம் அடித்துப் பளிச்சென்று இருக்கும்.

"இங்க யாரு உங்களை நிறுத்தச் சொன்னது? நிறுத்தக் கூடாதுன்னு நான் வச்ச பலகையை யாரு எடுத்தா?" என்றார். "இந்தக் கடைசி இடத்தை நான் யாருக்கும் கொடுக்கறதில்ல. பௌர்ணமி வேற, ஓதம் ஏறி ராத்திரி சக்கரம் மூழ்கிடும். மேட்டுக்கு வாங்க, கிளைடுக்கு எதிர்ல."

"சரிங்க" என்றான் ராய்ஸ்.

அவர் போகவில்லை. கேரவனின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. உன்னை இங்க யாராச்சும் கை காட்டிக் கூப்பிட்டாங்களா?"

நடீன் படியில் நின்றுகொண்டிருந்தாள், கையைத் துண்டில் துடைத்தபடி. பெருமையாக.

"இல்லீங்க" என்றான். "நானேதான்."

மிஸ் வெர்டெல் அவனையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவன் பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடி மாட்டிக்கொண்ட பையனாக நின்றான்.

"அப்போ சரி. பனிக்காலத்துல வர்ற எல்லார்கிட்டயும் சொல்றதுதான், உனக்கும் சொல்றேன். கூட்டிட்டு வந்த ஆளைத் தவிர வேற யாராச்சும் பின்னால நின்னு கூப்பிட்டா, எஞ்சினை அணை. இறங்கு. உன் கால்ல நடந்துபோய்ப் பாரு. பார்க்கறவனை அது ஒண்ணும் பண்ணாது."

"எது?" என்று கேட்டாள் நடீன்.

"பனிமூட்டம்மா. கண்ணை ஏமாத்தும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

கேரவனை வெளியே இழுப்பது சுலபம். நடீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ்வரை போய் வளைந்து திரும்பும் அந்தச் சின்னத் தூரத்தில், நடீன், ஒரு விஷயம், என்று அவன் மனதுக்குள் எத்தனையோ முறை தொடங்கினான். முகப்பு விளக்கில் பாசிகள் ஈரத் தலைமயிர்போல அசைந்தன. புதிய இடத்துக்கு எதிரே கிளைடு, மடக்கு நாற்காலியில், மடியில் பீர் டின்னோடு. பக்கத்தில் போர்வை போர்த்திய அவர் மனைவி.

"வந்துட்டாரு பாரு நம்ம ஆளு!" என்றார் கிளைடு. "நாற்காலியைத் தூக்கிட்டு வாடி, சவான்னாவுல பார்க்க வேண்டிய அதிசயம் இங்கயே இருக்குன்னு சொல்லி இவளைக் கூட்டிட்டு வந்தேன். முப்பது வருஷமா எனக்கு இவதான் கை காட்டறா. நீங்க தனியாவே நிறுத்துவீங்களாமே!"

நடீன் சிரித்துக்கொண்டே இறங்கினாள். "பின்னால ஒரு கிளை விழுந்து கிடக்கு. எடுத்துப் போட்டுட்டு இந்தப் பக்கமா ஒதுங்கிக்கறேன். அப்புறம் நீயாச்சு உன் வண்டியாச்சு." கையுறைகளை மாட்டிக்கொண்டு பனிக்குள் போனாள். நறநற. நறநற.

ராய்ஸ் கண்ணாடிகளைப் பார்த்தான். இடப்பக்கம் பனி. வலப்பக்கம் பனி. கேரவனின் பின்விளக்குகள் இரண்டு சிவப்புக் கறைகளாகத் தெரிந்தன. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. எப்போதுமே தெரிந்ததில்லை. ஒருமுறை முயன்றால் போதும், கிளைடு சிரிப்பார். நடீனுக்குப் புரிந்துவிடும். முதலில் பொய் புரியும். பிறகு பொய் ஏன் என்று புரியும். நாளைக்கு மேக்கன் பஸ்.

பின்னாலிருந்து நறநற சத்தம் இடப்பக்கமாக நகர்ந்தது. நின்றது. ஒதுங்கிவிட்டாள்.

"என்ன சார், எஞ்சின் தூங்கிடுச்சா?" என்றார் கிளைடு.

அவன் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். தான் எதற்காகப் பார்க்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்கத்தில் பிடரி வியர்த்தது. இருந்தும் பார்த்தான். உதடு அசையாமல் சொன்னான்:

"வா."

சேற்று வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

கைகள் வந்தன.

தோள் முதல் முழங்கால் வரை. தலையைப் பனி மறைத்திருந்தது. வெளிறிய வெறுங்கைகள், சிவப்பு வெளிச்சத்தில். வரலாம்.

எஞ்சினை அணை. இறங்கு. நடந்துபோய்ப் பாரு. மிஸ் வெர்டெலின் குரல் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. கை சாவியைத் தொட்டது. இறங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள். கம்பத்தில் இடிக்காமல் இதுதானே நிறுத்திக்கொடுத்தது? என்ன கெடுதல் செய்தது?

கையைச் சாவியிலிருந்து எடுத்து, ரிவர்ஸ் போட்டான்.

வரலாம். வலது கை சற்றுத் திரும்பியது, அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். இடது கை தாழ்ந்தது, நேராக்கினான். கேரவன் எண்ணெய் போட்டதுபோல வளைந்து மரங்களுக்கு நடுவே நுழைந்தது. சிப்பி ஓடுகள் சக்கரத்தடியில் நொறுங்கின. கிளைடு கை தட்டினார். "அடேயப்பா!" ராய்ஸுக்குச் சிரிப்புகூட வந்தது.

போதும் என்று நினைத்தான்.

கைகள் போதும் என்று சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் வரலாம்.

பிரேக்கின் மேல் கால் இருந்தது. அழுத்தவில்லை. இன்னும் கொஞ்சம்தானே.

பின்னால் ஓர் இடி.

சின்னது. மின்கம்பம் இப்படி இடிக்காது. மரமும் இப்படி இடிக்காது. மெத்தென்று. அதன் பின்னால் ஏதோ ஒரு தகடு முனகியது.

கிளைடின் கைதட்டல் நின்றது. பீர் டின் ஓடுகளில் உருண்டது. அவர் மனைவி எதையோ சொல்லிக் கத்தினாள். முன்னால எடு, முன்னால எடு. அதைத்தான் கத்தினாள்.

ராய்ஸ் இடப்பக்கம் பார்த்தான். நடீன் ஒதுங்கி நிற்கும் பக்கம். ஓடுகள் நனைந்து மினுங்கின. யாரும் இல்லை.

"நடீன்?"

இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தான். எப்போதும் தட்டுவாள். எவ்வளவு கோபமாக இருந்தாலும் தட்டுவாள்.

தட்.

ஒன்று.

காத்திருந்தான்.

வலப்பக்கக் கண்ணாடியில் வெறுங்கைகள் இன்னும் நின்றன. பக்கத்தில் இன்னொரு உருவம் வந்து நின்றது. தோள் முதல் முழங்கால் வரை. கைகளில் ஊதாக் கம்பளிக் கையுறைகள்.

அவை மெல்ல உயர்ந்தன. பதற்றம் இல்லை. கோபம் இல்லை. பக்கத்துக் கைகளோடு சேர்ந்து, ஒரே தாளத்தில், தொட்டிலை ஆட்டுவதுபோல, அவனை அழைத்தன.

வரலாம்.

இன்னும் கொஞ்சம் வரலாம்.