அகழியின் முதல் வெற்றி

வாசல் பலகையின்படி, அந்தக் கோட்டை இரண்டு முறை முற்றுகையிடப்பட்டு, இரண்டு முறையும் சண்டையே இல்லாமல் சரணடைந்தது. ஆகவே அதைச் சுற்றியிருந்த அகழி யாரையும் தடுத்ததாக வரலாறு இல்லை. அன்று மதியம்தான் முதன்முதலாக ஒன்றைத் தடுத்து நிறுத்தியது. அது, நாலு பேர் உட்கார்ந்து மிதிக்கும் மஞ்சள் நிறக் குடும்ப வண்டி.

செய்தியோடு வந்தவர் அந்த வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். புல்வெளியில் ஜமுக்காளம் விரித்து, உண்ட மயக்கம் தீர்ந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தின் முன்னால் வந்து நின்றார். சுற்றிலும் மற்ற குடும்பங்கள் பட்டம் விட்டுக்கொண்டும், ரப்பர் முனை அம்பு எய்துகொண்டும், விடுமுறையைக் கடமை தவறாமல் அனுபவித்துக்கொண்டிருந்தன.

"ஆக்சிடென்ட் கேஸ் பாக்குற அம்மா யாருங்க?"

அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு மார்பு விரிந்தது. காலையில் வண்டிக்கு வரிசையில் நின்றபோது சித்தியின் பெருமையை முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர், வண்டிக்காரர் என ஒருவரையும் விடாமல் சொன்னவன் அவன்தான். மாமனாரின் தங்கை என்பதால் அவனுக்கு முறைக்குச் சித்தி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, சொந்தக்காரர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அவரோடு சேர்ந்து ஒரு கேஸாவது பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவன் அதிகம் பேசியது சித்தியோடுதான் என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

வண்டிக்காரர் நடந்ததைச் சொன்னார். வண்டிகளை மேட்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஒன்று அகழிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. கோட்டை மேலாளரோ, ஒழுங்காக நிறுத்தாததால் தானாக உருண்டுவிட்டது, குறுக்கே ஒரு குழந்தை வந்திருந்தால் என்ன ஆவது, இன்றோடு அனுமதி ரத்து என்கிறார்.

"அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பிரேக் பிடிக்குச் சிவப்பு பெயிண்ட் அடிச்சிருந்தேன். காயலைன்னு பிரேக் போடாம, சக்கரத்துக்கு முன்னால கட்டை வச்சிட்டுப் போனேங்க. பிரேக் போடலைன்னு நானே ஒத்துக்கிட்டேனாம். இதை விட்டா எனக்கு வேற பொழப்பு இல்லம்மா."

சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். மாமனாரும் எழுந்தார். லீவுக்கு வந்த இடத்தில் ஊர் வம்பு நமக்கெதற்கு என்று முணுமுணுத்தபடியே பின்னால் நடந்தார். எப்போதும் மடிப்புக் கலையாத பேன்ட்டில் கார் ஓட்டித் திரிகிற நெட்டையான மனிதர், இப்போது பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்ட நீல டிராக் பேன்ட்டில் இருந்தார். சுற்றுலா மனிதர்களை எப்படியெல்லாம் மாற்றிவிடுகிறது என்று மாப்பிள்ளை வியந்தான்.

இன்னொரு வியப்பும் இருந்தது. சக்கரம் வைத்த எதைப் பார்த்தாலும் மாமனார் தன் இளமைக்கால சைக்கிள் சாகசங்களை ஆரம்பித்துவிடுவார். மலைப்பாதையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு இறங்கிய கதையை மாப்பிள்ளை கல்யாணப் பேச்சின்போதே கேட்டிருந்தான். "முப்பது வருஷமா கதையாவே கேக்கறேன், ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்று மாமியார்தான் சாயங்காலம் இருவருமாகக் கோட்டையைச் சுற்றி வண்டி மிதிப்பதாகத் திட்டம் போட்டிருந்தார். இன்று மாமனார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வண்டியைக் கயிறு கட்டிக் கரையேற்றியிருந்தார்கள். பக்கத்தில் மேலாளர் கையில் வாக்கிடாக்கியோடு, இன்னொரு முற்றுகையைச் சமாளிப்பவர் போல நின்றார். பார்வையாளர்களை ஏற்றிக் கோட்டையைச் சுற்றிக்காட்டும் பேட்டரி காரின் குள்ளமான ஓட்டுநர் முழங்கால் வரை சேறாக இருந்தார்.

மாப்பிள்ளைக்குக் கேஸ் முடிந்துவிட்டது. சித்தியின் காதருகே குனிந்து, சேற்றைக் காட்டி, தொழில் போட்டி என்றான். கயிறு கட்ட இறங்கினால் சேறு ஆகத்தான் செய்யும் என்றார் சித்தி.

அவன் தளரவில்லை. காலையில் வாடகைக்காக வண்டிக்காரரோடு சண்டை போட்ட மீசைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பழி வாங்கும் எண்ணம் என்றான். சித்தி மீசைக்காரரின் சைக்கிள் கையுறையைப் பார்த்தார், மரத்தில் சாய்த்திருந்த அவர் குடும்பத்தின் சைக்கிள்களைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து வண்டியைச் சுற்றி வரத் தொடங்கினார். பிரேக் பிடியில் சிவப்பு பெயிண்ட் வழவழப்பாக இருந்தது. வலது பெடல் கீழ்நோக்கி வளைந்திருந்தது. சின்னக் கண்ணாடியைத் தொட்டு, பின் சீட்டுக் குழந்தைகளைப் பார்க்கத்தானே இதைத் தாழ்த்தி வைத்திருப்பீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார் வண்டிக்காரர். அது இப்போது நிமிர்ந்து, நேர் பின்னால் பார்த்தது. பிறகு மேட்டுக்கு ஏறிப் போய், சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்த மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"மேலாளர் சார், இந்தச் சரிவு நேரா எங்க போய் முடியுது?"

பீரங்கியில் முடிகிறது என்றார் மேலாளர். பாதை அங்கே வளைந்துதான் அகழிக்கு வருகிறது.

"தானா உருண்ட வண்டி பீரங்கியில முட்டும். இது வளைஞ்சு வந்திருக்கு. கட்டையும் தானா நடந்துபோய் சுவத்துல சாயாது. ஒருத்தர் ஏறி ஓட்டியிருக்கார்."

வண்டிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் கோட்டையில் விழித்திருந்தது பீரங்கி ஒன்றுதான், யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றார் மேலாளர்.

"அவர் ஏறி உக்காந்ததும் முதல்ல கண்ணாடியத் திருப்பியிருக்கார்" என்றார் சித்தி. "சைக்கிள்காரங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கார் ஓட்டறவங்களுக்குக் கை தானா போகும். கண்ணாடி நிக்கற நிலையப் பாத்தா நல்ல உயரம். சரிவுல வேகம் எடுத்ததும் சைக்கிள் பழகினவங்க கை பிரேக்குக்குப் போயிருக்கும். காயாத பெயிண்ட்ல ஒரு விரல்கூடப் படல. இவர் பிரேக்கைக் கால்ல தேடியிருக்கார். வலது பெடல் எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க. பிரேக்னு நெனச்சு மிதிக்க மிதிக்க, வண்டி இன்னும் வேகமா போயிருக்கு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை விறுவிறுவென்று கழித்துப் பார்த்தான். மீசைக்காரர் குடும்பமே சைக்கிளில் வந்தது. பேட்டரி கார் ஓட்டுநர் குள்ளம், வேலைக்கு வருவதும் சைக்கிளில். வண்டிக்காரரைக் கேட்கவே வேண்டாம். உயரம், கார் ஓட்டுகிறவர், சைக்கிள் தெரியாதவர். மெதுவாக மேலாளர் பக்கம் திரும்பினான். மேலாளர் ஓர் அடி பின்வாங்கினார்.

"அவர் ஷூவுல பாலிஷ்கூடக் கலையல" என்றார் சித்தி. "விழுந்தவருக்கு முழங்கால் வரைக்கும் சேறு. மாத்திக்கப் பேன்ட் வேணும். அவசரத்துல கைக்கு எது கெடைச்சுதோ அதைப் போட்டிருப்பார். மாப்பிள்ளை, உங்க புது டிராக் பேன்ட் எங்க?"

"பையில இருக்கும் சித்தி. உங்க அண்ணன் பொண்ணுதான் வாங்கி எடுத்து வச்சா, நான் இன்னும் போட்டுக்கூடப் பாக்கல. நீலம், சைடுல வெள்ளைக் கோடு..."

அந்த இடத்தில் அவன் குரல் அகழிக்குள் இறங்கியது.

எல்லோரும் பார்த்தார்கள். மாமனார் டிராக் பேன்ட்டின் கோட்டைக் கையால் மறைக்கப் பார்த்தார். கோடு நீளமானது.

"எத்தனை நாளா தெரியும்?" என்று தங்கையிடம் கேட்டார்.

"பேன்ட்டு இப்பதாண்ணா. சைக்கிள் உனக்கு வராதுன்னு சின்ன வயசுலயே தெரியும். நாமதான் ஒரே வீட்டுல வளந்தோமே."

அவர் வண்டிக்காரர் முன்னால் போய் நின்றார். "சாயங்காலம் இவளை உக்கார வச்சு ஓட்டணுமேன்னு, எல்லாரும் தூங்கும்போது ஒரு தடவை ஓட்டிப் பழகிடலாம்னு நெனச்சேன். நாலு சக்கரம்தானே, கார் மாதிரின்னு ஏறிட்டேன். சைக்கிள் தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு வயசு இருக்குங்க, அது எனக்குத் தாண்டிப்போச்சு. சத்தமில்லாம நஷ்டத்தக் குடுத்துடலாம்னு இருந்தேன். உங்க பொழப்பு போற அளவுக்கு வந்தப்பறமும் வாய் வரல. தப்பு என்னோடது. மேலாளர் சார், அதை எழுதி வேணும்னாலும் தரேன்."

எழுதித் தர வேண்டாம் என்றார் மேலாளர். அனுமதி ரத்து இல்லை, சாப்பிடப் போகும்போது இனி சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, அதையே வாக்கிடாக்கியிலும் கம்பீரமாக அறிவித்தார். மறுமுனையில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

வண்டிக்காரர் கோபப்பட்டிருக்கலாம். அவருக்கு அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே சார்" என்றபடி பச்சை வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். மாமனார் அதைப் பல் டாக்டரின் நாற்காலியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மாப்பிள்ளை வேறெங்கோ பார்த்தான். மலைப்பாதையைப் பற்றி இந்த ஜென்மத்தில் கேட்பதில்லை என்று முடிவு செய்தான்.

கூட்டத்தோடு நின்றிருந்த மாமியார் வந்து, பிரேக் இருந்த பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வாங்க. நீங்க மிதிச்சா போதும், பிரேக்கை நான் பாத்துக்கறேன்."

அவர் தயங்கித் தயங்கி ஏறினார். கண்ணாடியைத் தொடப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மெல்ல மிதித்தார். வண்டி நகர்ந்தது. இரண்டு முழம் போனதும் குலுங்கி நின்றது. பதறிப்போய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார் மாமியார். "நீங்க போங்க."