மொட்டைப்பனைக் குரல்

பனையில் ஏறுகிறவர் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். பக்கத்து வளவுக் கிணற்றடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தால் அறிந்துகொள்ளட்டும் என்று. பளை ஊரில் இது ஒன்றும் புதினமில்லை. ஆனால் இந்த "ஏறுறன்!" வந்தது வேலியோர மொட்டைப்பனையிலிருந்து. ஷெல்லடியில் வட்டு, ஓலைத் தலை முழுக்க, பறந்த மரம். பாளையே இல்லாத மரத்தில் ஏறி என்னத்தைச் சீவுவதாம்?

யதுர்ஷிகா எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் யாருமில்லை.

"நானும் வாறன்!" என்று கத்தினாள் மகள் சாரங்கா. ஆறு வயது வாயாடி. யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லாவிட்டால் அவளுக்குப் பத்தியப்படாது.

அடுப்பில் பனம்பாணி காய்ச்சிக்கொண்டிருந்த வளவுக்காரி வடிவம்மாவின் அகப்பை அப்படியே நின்றது.

"பிள்ளையோ பதில் சொன்னது?"

"ஓம். ஏனக்கா?"

"அந்தக் குரலுக்கு நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை, தங்கச்சி. கெதியாக் கூட்டிக்கொண்டு போங்கோ." அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

விறகுப் புகையும் கொதிக்கும் கருப்பணிப் பதநீரின் இனிப்பு மணமும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்க, காய்ந்த ஓலைகளின் சரசரப்பு பின்னாலேயே வர, யதுர்ஷிகா மகளின் கையை இறுகப் பிடித்தபடி அவர்கள் வந்த வான் வண்டியை நோக்கி நடந்தாள். பிள்ளைக்குப் பாணி காய்ச்சுவதைக் காட்டப்போகிறேன் என்று ஞாயிறும் அதுவுமாய் இழுத்து வந்த கணவன் வினோதன், பனங்கட்டி நிரப்பிய ஓலைக் குட்டான்களை அதில் அடுக்கிக்கொண்டு நின்றான். நல்ல காட்டல்தான்!

"அம்மா!"

சாரங்காவின் குரல். மேலேயிருந்து.

"அம்மா, என்னை இறக்குங்கோ! பயமாக் கிடக்கு!"

மொட்டைப்பனையின் உச்சியில் ஒன்றுமில்லை. வெறும் வானம்.

குனிந்து பார்த்தாள். பக்கத்தில் சாரங்கா. வாய் மூடியிருந்தது. சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"என்னது? வாருமப்பா, வெயில் கொளுத்துது," என்றான் வினோதன்.

ஐயோ, என்ர பிள்ளை! மரத்தடிக்கு ஓடத் திரும்பினாள். முடியவில்லை. பிடித்திருந்த கை விடவில்லை. உதறினாள். இன்னும் இறுகியது.

"அம்மா, விட்டிட்டுப் போகாதேங்கோ!"

அந்தச் சின்னக் கை அவளை வான் வண்டிக்குள் இழுத்தது. கதவு சாத்திக்கொண்டது. மேலே பிள்ளை கத்திக்கொண்டேயிருந்தது. யதுர்ஷிகா தன் கைக்குள் இருந்த கையை மெல்ல விரித்துப் பார்த்தாள்.

உள்ளங்கை முழுக்க, முப்பது நாற்பது வருசம் மரமேறியவரின் தடித்த காய்ப்பு.