லேப் ஓனரின் ரத்தம்

டெலிபோன் அலறியது.

"என் ஆத்துக்காரரைக் கொன்னுட்டா! மந்தைவெளி லேபுக்கு உடனே வாங்கோ!"

இன்ஸ்பெக்டர் ஆரோக்கியமேரி போனபோது லேப் ஓனர் சந்திரமௌலி தன் ஏ.சி. ரூமில், ரத்த வாந்திக்கு நடுவே கிடந்தார். உயிர் இல்லை.

மனைவி சூடாமணி விசும்பிக்கொண்டே சொன்னாள். இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. டோஸ் கூடிப்போனால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். அதற்காகத்தான் பி.டி. டெஸ்ட்... ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்க்கிற டெஸ்ட். போன வாரம்தான் எடுத்தார். தன் லேபிலேயே. நார்மல் என்று வந்ததால் அதே டோஸ்தான்!

"மாத்திரைல எதையோ கலந்துட்டா. அந்த ரூபீனாதான். அவ அப்பாவும் இப்படித்தான் போனார். இவரைத் திட்டிண்டே இருந்தா."

ரூபீனா. லேப் டெக்னீஷியன். ராயப்பேட்டைப் பெண். ஓடவில்லை, ஒளியவில்லை. சிங்க்கில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் மேல கொலைக் கேஸு கீது. தூக்கு வரைக்கும் போவும். இன்னாம்மா சொல்ற?"

"நான் மாத்திரையத் தொடவேயில்ல மேடம்."

பிறகு மெல்லக் கக்கினாள்.

காசு கொடுப்பவர் ரத்தம் மெஷினுக்கு. இன்ஷூரன்ஸ் பில் போட்டால்... ரத்தம் சிங்க்குக்கு! காசு கொடுத்தவன் சண்டைக்கு வருவான், கம்பெனி வராது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று அடித்து பில்லை அனுப்பிவிட வேண்டியது. சந்திரமௌலி போட்ட சட்டம். படுபாவி!

"எங்க அத்தாவும் இன்ஷூரன்ஸ்லதான் வந்தாரு. ட்யூப்ல வெறும் நம்பர்தான் இருந்துச்சு. யாருதுன்னே தெரியாம... நான்தான் மேடம் ஊத்துனேன்."

மேரி எழுதுவதை நிறுத்தினாள்.

"சரி... ஓனர் ரத்தம்?"

"சொந்த லேபு, சும்மாவே பாத்துக்கலாம். அதுக்கும் இன்ஷூரன்ஸ் பில் போட்டாரு மேடம்."

மேரிக்குப் புரிந்துவிட்டது. இதுவும் அதே கதை. தெரியாமல் நடந்தது. பாவம், பிழைத்துப் போகட்டும் என்று பேனாவை மூடினாள்.

"அதுலயும் வெறும் நம்பர்தான?"

ரூபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மேடம். ஓனர்னா மெஷின்ல போடுவோம்னு நெனச்சு, அவரே பேரைக் கொட்டை எழுத்துல எழுதியிருந்தாரு. படிச்சுட்டுத்தான் ஊத்துனேன்."

பிணத்தின் சட்டைப்பையில் செல்போன் சிணுங்கியது. மேரி எடுத்துப் பார்த்தாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி. டெஸ்ட் பில் பாஸாகிவிட்டதாம்!

கடைசிவரை கைக்காசு செலவழிக்காமலே போய்ச் சேர்ந்தார், மனுஷன்!