‘வாங்க’ சொல்லாத திட்டு

பரிசல் கரையில் முட்டியதும் பத்துப் பதினைந்து பேர் எழுந்து நின்றார்கள். ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் ‘வாங்க’ என்று வரவில்லை. அகிலாவுக்குச் சுர்ரென்று ஏறியது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஓரிக்கை தாண்டி இறங்கி, சுழித்து ஓடும் பாலாற்றில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு கையில் பூவும் பழமும், இன்னொரு கையில் தங்கச்சிக்கு எடுத்த பட்டுப்புடவை. வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, இதுகளெல்லாம் மனுஷ ஜென்மமா?

நாற்பது வீடுள்ள மணல்திட்டு அது. ஆற்றில் தண்ணீர் வந்தால் நான்கு பக்கமும் அடைபட்டுப்போகும். இங்கேதான் தங்கச்சி ஜீவிதாவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாசம், டாக்டர் கிடையாது, தண்ணீரோ ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு அழைத்துப்போகாவிட்டால் தாயும் பிள்ளையும் என்ன ஆவார்களோ!

ஜீவிதாவின் மாமியார் பெரியநாயகி வாசலில் நின்றாள். அவளும் சொல்லவில்லை. உள்ளே கையை மட்டும் காட்டினாள்.

“ஏங்கம்மா, வாய தொறந்து கூப்ட்டா முத்து உதுந்துடுமா?”

பெரியநாயகி ஆற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “தண்ணி ஓடுற நாள்ல அந்த வார்த்தய நாங்க சொல்றதில்லமா. ஒருத்தர கூப்ட்டா வேற எதுனா வந்துடுது. கோச்சிக்காத. உள்ள போயி அவ கைய புடிச்சி இட்டுக்கினு போ.”

“நல்லாருக்குது உங்க கத!”

கூப்பிடாத வீட்டுப் படியை மிதிக்க அகிலா என்ன சூடு சொரணை இல்லாதவளா? தெருவிலேயே நின்று தொண்டை கிழியக் கத்தினாள். “ஏய் ஜீவிதா! வாடி வெளிய! வா, நம்ம வூட்டுக்குப் போலாம்!”

பெரியநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். தெருவில் மற்ற கதவுகளும் படபடவென்று சாத்திக்கொண்டன. அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த ஆற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

வீட்டுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஜீவிதா வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக. புடவை முழங்கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நிறைமாசக்காரியை ஆற்றில் துணி துவைக்க அனுப்பியிருக்கிறார்கள், பாவிகள்! அகிலா அவள் கையைப் பற்றினாள். ஜில்லென்றிருந்தது.

“ஒரு வாய் சோறாச்சும் போட்டாங்களாடி?”

ஜீவிதா ஆற்றையே பார்த்தாள். அவள் மேலிருந்து சேற்று வாடையும், அதற்கடியில் பல நாள் தண்ணீரில் ஊறி அழுகிய பூவின் வாடையும் வந்து, அகிலாவின் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, எச்சில் விழுங்கினாலும் போகாமல் நின்றது. அந்தக் குடும்பத்தையே திட்டித் தீர்த்தபடி அவளைக் கரைக்கு இழுத்துவந்தாள். ஜீவிதா ஏறி உட்கார்ந்தபோது பரிசல் கொஞ்சமும் அசையவில்லை.

நடு ஆற்றில் பரிசல்காரன் அர்ஜுனன் துடுப்பை நிறுத்தினான். அவன் அக்கரை ஓரிக்கைக்காரன்.

“அக்கா... கரைல நிக்கிறது யாருக்கா?”

அகிலா திரும்பினாள்.

கரையில் ஜீவிதா. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. காய்ந்த நைட்டியில். பின்னாலிருந்து பெரியநாயகி அவள் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். பொத்திய கைக்கு மேலே இரண்டு கண்கள். அக்காவையே பார்த்து, வழிந்துகொண்டிருந்தன.

பாழாய்ப்போன ரோஷம். நான்கு படி ஏறியிருந்தால் போதும்.

கத்த வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மணிக்கட்டில் ஜில்லென்ற பிடி இறுகியது.

“அதான் கூப்ட்டுட்டியேக்கா.” தங்கச்சியின் குரலேதான். “இன்னும் எத்தினி பேரு கீழ இருக்கோம்.”

தண்ணீரில் ஒரு தலை எழுந்தது. நடுவகிடு. வகிட்டில் கரையாத குங்குமம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. எல்லாம் கரையைப் பார்த்துத் திரும்பின. ஜீவிதா நின்ற இடத்தை நோக்கி, அலையே எழுப்பாமல், நகர்ந்தன.