நியூட்ரலிலும் நிற்காத அதிர்வு

நியூட்ரலுக்குத் தள்ளியும் அதிர்வு குறையாதபோதுதான் லூபெனுக்கு முதல் சந்தேகம் வந்தது. ஸ்டியரிங் நடுங்கினால் சக்கரத்தில் கோளாறு, இருக்கை நடுங்கினால் அடியில் சுழன்று சக்கரங்களை ஓட்டும் ஷாஃப்டில் கோளாறு என்பது ரோடோபி மலையில் ஜீப் ஓட்டும் எவனுக்கும் தெரியும். இங்கே நடுங்கியது பக்கத்து இருக்கை. அதில் அவன் மனைவி விஹ்ரா, நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்தாள்.

மாலைக்குள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். பனி உருகிப் பாதையைத் தின்றுவிட்டதால் வேறெந்த வண்டியும் மேலே ஏறாது. "தூக்காதடா, ஷாஃப்ட் சாய்ஞ்சிடும்" என்று ஊரே சொல்லியும் கேட்காமல், பெரிய ஸ்பிரிங் போட்டு வண்டியை நான்கு விரற்கடை உயர்த்தியவன் அவன். வினையை விலை கொடுத்து வாங்கியிருந்தான். போன வருஷம் ஒருவனுடைய ஷாஃப்ட் ஓட்டத்தில் முறிந்து, இருக்கைக்கு அடியில் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது நினைவுக்கு வந்தது.

நிறுத்திவிட்டு நண்பன் ஸ்டாமெனைப் போனில் பிடித்தான்.

"முன் ஷாஃப்டக் கழட்டிட்டு ஓட்டிப் பாரு. அதிர்வு நின்னா அதுதான். நிக்கலன்னா பின்னாடி உள்ளது. இதுக்கு மூளையெல்லாம் வேணாம், உன்னாலயே முடியும்."

மூடுபனி சக்கரங்களுக்கிடையே நுழைந்துகொண்டிருக்க, ஈர ஃபிர் மரங்களின் வாசனையும் சூடான எண்ணெய் வாடையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏற, சேற்றில் மல்லாந்து அவன் முன் ஷாஃப்டைக் கழற்றினான்.

"நீ என்கூட இருந்ததவிட இதுக்கு அடியில கெடந்ததுதான் ஜாஸ்தி," என்று மேலேயிருந்து விஹ்ரா சிரித்தாள்.

ஓட்டிப் பார்த்தான். அதிர்வு போகவில்லை. இன்னும் கனத்திருந்தது.

கீழே ஆற்றுப்பாலம் வரைக்கும் இறக்கம்தான், என்ஜின் இழுக்கத் தேவையில்லை; அங்கே போய் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். பின் ஷாஃப்டையும் கழற்ற மறுபடி அடியில் நுழைந்தான். என்ஜின் அணைந்திருந்தது. ஆனாலும் போல்ட் அவன் விரல்களுக்கிடையில் துடித்தது. தன் கைதான் நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டான்.

இரண்டு ஷாஃப்டையும் பின் இருக்கையில் எறிந்துவிட்டுச் சரிவில் உருளவிட்டான். வண்டிக்கடியில் சுழல இப்போது எதுவுமில்லை.

அதிர்ந்தது.

பிரேக்கை மிதித்தான். கைபிரேக்கையும் இழுத்தான். வண்டி நின்றது. அதிர்வு நிற்கவில்லை.

"மூச்சு முட்டுது லூபென். கொஞ்சம் இறங்குறேன்," என்றாள் விஹ்ரா. பாதையோரக் கல் ஊற்றுத்தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள்.

வண்டி அமைதியானது. கதவு, கண்ணாடி, கியர் கம்பி, எல்லாம். அவனுக்குச் சந்தோஷத்தில் சிரிப்புக்கூட வந்தது. பாதியில் அது நின்றது.

தொட்டித் தண்ணீரில் வளையங்கள். அவள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து. அவள் காலடியில் கூழாங்கற்கள் மெல்ல நகர்ந்தன.

"விஹ்ரா?"

அவள் கண்கள் மூடியிருந்தன. பற்கள் மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் குளிர், வேறொன்றுமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். மண்டியிட்டு, கோட்டை விலக்கி, வயிற்றில் காதை வைத்தான்.

இதயத்துடிப்பு கேட்கவில்லை.

உள்ளே, வெகு ஆழத்தில், ஏதோ ஒன்று கியர் மாற்றி வேகமெடுத்தது.