தொடர்பு எண்

பத்தொன்பது நாட்களாக அண்ணி ஊற்றி வைத்த தண்ணீரை நாத்தனார் குடிக்கவில்லை. அன்று காலையும் டம்ளரை இடது கையால் எடுத்துப் போய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

அடிக்கிற புருஷனை விட்டு வேறு ஊருக்குப் போனவள் அவள். புது முகவரியைத் தாயிடம்கூடச் சொல்லவில்லை. அடையாள அட்டையில் மட்டும் மாற்றியிருந்தாள். அவன் நேராக அந்த வாசலில் போய் நின்றான். கையை முறித்தான்.

அண்ணிக்கு அட்டைப் பதிவு மையத்தில் வேலை. அவள்தான் பார்த்துச் சொல்லியிருப்பாள் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. அவளுடைய கணவனே மையத்துக்குப் புகார் எழுதினான். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். எல்லோரையும்விட அதிகமாக அழுது, அதிகமாகத் திட்டியவர் மாமியார்.

மூன்றாம் நாளே அண்ணிக்கு உண்மை தெரிந்துவிட்டது. செய்திகள் நிரம்பிவிட்டன என்று மாமியார்தான் தன் போனைக் கொடுத்து அழிக்கச் சொன்னார். இந்த வீட்டில் யாரைப் பற்றிய தகவலும் தனக்கே வர வேண்டும் என்பது அவர் சட்டம். எல்லோருடைய அட்டையிலும் அவர் போன் எண்தான். கை முறிந்ததற்கு முந்தைய நாள், நாத்தனாரின் அட்டை விவரங்களை இணையத்தில் திறக்கும் ரகசிய எண் அதில் வந்திருந்தது. அதே நிமிடம் மருமகனின் அழைப்பும் பதிவாகியிருந்தது.

"மாப்பிள்ளை பாசமாத்தான் கேட்டார்... நானும் சொல்லிட்டேன். தெரிஞ்சா அவ என் மூஞ்சியில முழிக்க மாட்டா. நீ வேற வீட்டுப் பொண்ணு, தாங்கிப்ப" என்றார் மாமியார், அண்ணி அதைக் காட்டியபோது. அண்ணி தலையாட்டினாள். மறுநாள் காலை, எல்லோர் முன்னாலும், அதே வாய் அவளைக் குடிகெடுத்தவள் என்றது.

இன்று நாத்தனார் இன்னொரு ஊருக்குக் கிளம்புகிறாள். அண்ணன் அவளுடைய போனில் அட்டைக்கான புது முகவரியைப் பதிந்துகொண்டிருந்தான். தொடர்பு எண் என்ற கட்டம் வந்தது.

"அம்மா நம்பரே இருக்கட்டும். அவங்களை மட்டும்தான் நம்ப முடியுது" என்றாள் நாத்தனார்.

மாமியார் மகளின் தலையைத் தடவினார். நேற்றுகூட அவர் போனில், "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டது அண்ணியின் காதில் விழுந்திருந்தது.

"அந்த நம்பர் வேணாம்" என்றாள் அண்ணி.

நாத்தனார் சிரித்தாள். "இன்னொரு கை மிச்சம் இருக்கேன்னு வருத்தமா அண்ணி?"

அவராகவே சொல்லட்டும் என்று அண்ணி மாமியாரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அண்ணனின் விரல் அந்தக் கட்டத்தில் எண்களை அழுத்தத் தொடங்கியது.

"என்னைச் சொன்னதெல்லாம் தாங்கிக்கிட்டேன் அத்தை... இவ உயிரைப் பணயம் வச்சு என்னால தாங்க முடியாது."

பிறகு நாத்தனாரின் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு அவன் போன்ல கேட்டப்போ, உன் ரகசிய எண்ணைப் படிச்சுச் சொன்னது உங்கம்மா."